பூட்டாமல் விட்ட படங்கள்

இன்று காலையும் கணினி அதே பல்லவியைத்தான் பாடியது. இடமில்லை, எதையாவது அழியுங்கள் என்கிறது. கடையைத் திறந்து, சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி, தேத்தண்ணியில் ஒரு வாய் வைப்பதற்குள் அந்த மஞ்சள் முக்கோணம் வந்து நிற்கிறது. இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று பார்த்தால், வேறு யார், நீதான். செத்து ஒரு வருடமாகப் போகிறது. இன்னமும் இந்தக் கணினிக்குள் சப்பாணி கட்டிக்கொண்டு இருக்கிறாய். எழும்புகிற பாடாகக் காணவில்லை.

ஊர் உலகத்தில் மரண அறிவித்தல் என்றால் ஒரு சின்னப் படம். தட்டினவுடன் போய்ச் சேர்ந்துவிடும். நீ செய்து வைத்தவை அப்படியா? ஒரு கிழவரின் முகத்தைத் திறக்கக் கணினி மூச்சு வாங்குகிறது. மின்னஞ்சலில் போட்டால் வாசலோடு திருப்பி அனுப்புகிறது. எத்தனை முறை கேட்டிருப்பேன், ஏனடி இவ்வளவு பாரமாகச் செய்கிறாய் என்று. நீ பதில் சொன்னால்தானே.

நேற்று கனடாவிலிருந்து உன் தம்பி செய்தி அனுப்பியிருந்தான். அக்காவின் ஆண்டுத் திவசம் வருகிறதாம், நல்ல படமாக ஒன்று செய்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடட்டாம். அந்தச் சொல்லை வாசித்ததும் பின்கதிரையில் இருந்து உன் குரல் கேட்டதுபோல இருந்தது. "வட்ஸ்அப்பிலை அனுப்பாதேங்கோ." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். ஆறினால் அழத் தொடங்கிவிடுவேன், பிறகு ஒன்றும் எழுத ஏலாது.

உடுவிலில் இந்தக் கடையை நாங்கள் தொடங்கினபோது, இரண்டு பொம்பிளைகள், எத்தனை நாளைக்கு என்று கேட்டவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் கடையிலும் முதுகோடு முதுகாக இருந்தோம். நான் வாசலைப் பார்த்த முன்மேசை, நீ சுவரைப் பார்த்த பின்மேசை. வருகிறவர்களோடு கதைப்பதும், விபரம் எடுப்பதும், புரூப் காட்டிக் கையெழுத்து வாங்குவதும் என் வேலை. படம் திருத்தி, எழுத்துப் போட்டு, அச்சுக்கு அனுப்புவது உன் வேலை. கலியாணக் காட், சாமத்திய வீட்டுப் பதாகை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் செய்தோம். ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது சாவுதான். முதலில் மரண அறிவித்தல், பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டு. செத்தவரின் வரலாறும் தேவாரமும் குடும்ப விபரமும் அடங்கிய அந்தச் சின்னப் புத்தகம் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு சீவனும் ஒழுங்காகக் கரையேறியதில்லை.

அதில் சண்டை வருவதெல்லாம் பெயர்களில்தான். இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னார் இன்னாரின் அருமை மாமியாரும் என்று நீளுகிற அந்த ஒரு வசனத்துக்குள் முழுக் குடும்பமும் அடங்கிவிட வேண்டும். மூத்த மருமகனின் பெயருக்கு முன்னால் டொக்டர் போட்டதா, சின்ன மருமகளின் பெயர் ஏன் இரண்டாவது வரிக்குப் போனது என்று பிணம் வீட்டில் கிடக்க என் மேசையில் வந்து வாதாடுவார்கள். சிலவேளை யாராவது குரலைத் தணித்து, "உவளின்ரை பேர் வேண்டாம்" என்பார்கள். நான் வெட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போவேன். அது அவர்கள் வீட்டு அறிவித்தல், நான் என்ன நீதவானா? அந்த நேரங்களில் உன் கதிரை மெல்லக் கிறீச்சிடும். திரும்பிப் பார்த்தால் நீ சுவரைப் பார்த்தபடியே இருப்பாய். ஒன்றில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதிரையைச் சும்மா விட வேண்டும். உனக்கு இரண்டும் ஏலாது.

அதற்குப் பிறகு உன்னுடைய பென்ரைவ் கூத்து. ஒவ்வொரு குடும்பத்துக்கும் படத்தை ஒரு பென்ரைவில் போட்டு, கோயில் நூலில் கோத்து, இதுதான் அசல், பத்திரமாக வையுங்கோ, சாமியறையில் வைத்தாலும் பிழையில்லை என்று கையில் கொடுப்பாய். செத்த வீட்டுக்காரருக்கு அதெல்லாம் காதில் ஏறுமா? அவர்களுக்கு லண்டனுக்கும் பாரிசுக்கும் உடனே போக வேண்டும். "வட்ஸ்அப்பிலை அனுப்பாதேங்கோ" என்று நீ முணுமுணுக்க, உன் கண் முன்னாலேயே நான் என் போனிலிருந்து அனுப்புவேன். நீ நாக்கால் ஒரு சத்தம் போடுவாய். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. என்னதான் உன்ரை பிரச்சினை என்று கேட்டேன்.

"சுருங்கிப்போம்" என்றாய்.

"சுருங்கினா என்னடி? முகம் தெரியும்தானே?"

"முகம் தெரியும்" என்று சொல்லிவிட்டு மவுசைப் பிடித்துக்கொண்டாய். அவ்வளவுதான். பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது உனக்குப் பிறவிக் குணம். அந்த மீதியைக் கேட்டு வாங்க எனக்குப் பொறுமை இல்லை, கடையில் ஆட்கள் நின்றார்கள்.

பிறகு நீ படுத்தாய். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு நான் பின்னேரம் பின்னேரம் கஞ்சியோடு வந்தேன். நீ என்னோடு என்ன கதைத்தாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். பிரிண்டரின் தலையைத் துடைத்தாயா? பின்வளவு முருங்கைக்கு மயிர்க்கொட்டிப் புழு வந்திருக்குமே, பார்த்தாயா? அடுத்த கட்டிலில் இருந்த மனுசியின் மகன் ஏன் வருகிறான் இல்லை? எல்லாம் கதைத்தாய். ஒருநாள் மட்டும், பழைய படங்களை அழிக்காதை என்றாய். வருத்தக்காரர் எதையாவது பிடித்துக்கொண்டு இருப்பார்கள்தானே என்று நினைத்து, ஓம் ஓம் என்றேன். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அழிக்கவில்லை. மஞ்சள் முக்கோணத்தின் தொல்லை தாங்காமல், போன மாதம் பழையதிலிருந்து ஒவ்வொரு வருடமாகச் சுருக்கத் தொடங்கினேன். முகங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. எவ்வளவு இடம் வந்தது தெரியுமா என்று உன்னிடம் பெருமையாகச் சொல்லவும் நினைத்தேன்.

அந்தக் கிழமைதான் அவள் வந்தாள்.

வவுனியாவில் கம்பியூட்டர் படிப்பிக்கிற ரீச்சராம், பெயர் கௌசலா. என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கையில் குடையும் ஒரு துணிப்பையும். ஊர் இணுவில் என்றாள். தகப்பனின் பெயரைச் சொன்னாள், எனக்கு உடனே தெரிந்தது. அவருடைய மரண அறிவித்தல் சில வருடங்களுக்கு முன்னர் நாங்கள் செய்தது. தாய் அதற்கு முந்தின கிழமை செத்துப்போயிருந்தார், அதுவும் எங்கள் கையால்தான் போனது. கல்வெட்டுக்கான விபரத்தை அவளுடைய அண்ணன் கொண்டுவந்து தந்திருந்தார். அதில் பிள்ளை என்று அவர் ஒருவர் மட்டுந்தான் இருந்தார். இப்படி ஒரு மகள் இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேறு சாதிப் பெடியனைக் கட்டிக்கொண்டு போன பிள்ளை. தகப்பன் செத்தபோதே, அவளின்ரை பேர் வேண்டாம் என்று அண்ணன்காரன் சொல்லியிருந்தார்.

"அப்பாவின்ரை செத்த வீட்டுக்கு வரேல்லை, அக்கா. ஆரும் சொல்லவுமில்லை" என்றாள். "அம்மாவின்ரைக்கு வந்தனான். வீட்டு முத்தத்திலை நிண்டனான். ஆரும் போ எண்டும் சொல்லேல்லை, இரு எண்டும் சொல்லேல்லை."

பிறகு உன்னைக் கேட்டாள். இல்லை என்றேன். குடையைச் சுவரில் சாத்திவிட்டு, "அவ எனக்கு ஒண்டு காட்டுறன் எண்டு சொன்னவ" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த ராங் நம்பர் விளங்கியது. உனக்கு ஞாபகம் இருக்கும். கடைப் போன் அடித்தது, நீ எடுத்தாய், எடுத்துக்கொண்டு பின்னால் முருங்கைக்குக் கீழே போய் நின்று கதைகதையென்று கதைத்தாய். வந்து கேட்டால், ராங் நம்பர் என்றாய். ராங் நம்பரோடு ஒரு தேத்தண்ணி ஆறுகிற வரைக்கும் கதைத்த ஒரே ஆள் நீதான். அது இவள். தகப்பனின் அறிவித்தல் யாரோ அனுப்பி இவளின் போனுக்குப் போயிருக்கிறது. தன் பெயரைத் தேடியிருக்கிறாள், இல்லை. கீழே கடையின் நம்பர் இருக்க, அதற்கு எடுத்து, அச்சடிக்கிற உங்களுக்காவது ஒரு மனச்சாட்சி இல்லையா என்று ஏசியிருக்கிறாள். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உம்மடை பேர் இருக்கு, அப்பாவின்ரை படத்துக்குள்ளை வைச்சிருக்கிறன், ஒருநாள் வாரும், காட்டுறன் என்றாயாம்.

அழுகிற பிள்ளையைப் பேய்க்காட்ட நீ அவிழ்த்துவிட்ட கதை என்றுதான் நினைத்தேன். அவள் படித்த பிள்ளை, அப்படி நினைக்கவில்லை. எனக்கு விளங்கப்படுத்தினாள். படம் என்றால் புள்ளிகளாம். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் இலக்கங்கள் உண்டாம். அந்த இலக்கத்தின் கடைசி நுனியை ஒன்றால் கூட்டியோ குறைத்தோ விட்டால் நிறம் மாறியது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. சேலையில் ஒரு இழையை மாற்றி நெய்ததுபோல. ஆனால் எந்தப் புள்ளியில் கூட்டியிருக்கிறது, எதில் குறைத்திருக்கிறது என்று ஒழுங்காக வாசிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு அது எழுத்தாகிவிடும். ஒரு முகத்துக்குள் ஒரு புத்தகத்தையே வைக்கலாமாம். கன்னத்திலும் நெற்றியிலும் திருநீற்றிலும் எழுத்து ஒளிந்திருக்கும், பார்க்கிறவன் கும்பிட்டுவிட்டுப் போவான்.

உன் கணினியை அவளிடம் விட்டேன். திரையின் மூலையில் இருந்த ஒரு சின்னக் குறியை, நீ களைத்தால் விளையாடுகிற காட்ஸ் விளையாட்டு என்று நான் இத்தனை வருடமும் நினைத்திருந்ததை, அவள் திறந்தாள். தகப்பனின் படத்தைக் கொடுத்தாள். ஒன்றுமில்லை என்று வந்தது. இன்னொருமுறை கொடுத்தாள். அப்போதும் ஒன்றுமில்லை.

"இதைச் சுருக்கினனீங்களோ, அக்கா?" என்று கேட்டாள்.

ஓம், இடமில்லை, அதுதான் என்றேன். முகம் அப்படியே இருக்குதுதானே என்றும் சொன்னேன்.

அவள் என்னை ஏசவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கண்ணுக்குத் தெரியாததைத்தானே, அக்கா, அது முதலிலை எறியும்."

எனக்கு அந்த இடத்தில் உன் மேல் வந்த ஆத்திரத்தை எழுத இந்தக் கடையில் இருக்கிற கடதாசி காணாது. சுருக்காதை, சுருக்கினால் உள்ளே வைத்தது அழியும் என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? பிரிண்டரின் தலைக்கு நேரம் இருந்தது, மயிர்க்கொட்டிக்கு நேரம் இருந்தது, இதற்கு உனக்கு வாய் வரவில்லை. பஸ் ஏறி வந்த ஒரு பிள்ளையின் முன்னால் என்னைக் கையைப் பிசைய வைத்தாய். கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல நின்றேன். கேட்டாயா, நீ சொல்லாமல் விட்டதற்கு.

அவளுடைய போனில் இருந்ததும் வட்ஸ்அப்பில் வந்தது, அதுவும் நசுங்கியதுதான். இனி ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கக்கூடும். பென்ரைவ். இணுவிலில், அந்த அண்ணன் வீட்டில். அவள் எழும்பிவிட்டாள், வேண்டாம் அக்கா, பரவாயில்லை என்றாள். நான் அவளை உன் கதிரையில் இருத்தி, பக்கத்துக் கடையில் ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. அம்மாவின் கல்வெட்டில் பக்கத்தில் வைக்க அப்பாவின் படத்தின் அசல் வேண்டும் என்று கேட்டேன், உண்மையிலேயே வேண்டும். அண்ணன்காரர் புகையிலைத் தோட்டத்தில் இருந்து வந்து கை கழுவிக்கொண்டு நின்றார். பொல்லாத மனிதர் இல்லை. தன்னைவிட இளையவர்கள் எல்லோரையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், கூடப் பிறந்தவளைத் தவிர. நேரே சாமியறைக்குப் போனார். தகப்பனின் படத்துக்குக் கீழே, திருநீற்றுக் குடுவைக்குப் பின்னால், கோயில் நூலில் கோத்தபடி இருந்தது. "உங்கடை மற்றப் பிள்ளை சொன்னவ, தங்கச்சி, இதைப் பத்திரமா வைக்கச் சொல்லி. நான் ஒருக்காலும் எடுக்கேல்லை" என்று என் உள்ளங்கையில் வைத்தார். நூலில் சந்தனம் பிடித்துக் காய்ந்திருந்தது.

கடைக்குத் திரும்பி வந்து கௌசலாவிடம் கொடுத்தேன். அவள் பொருத்தினாள், திறந்தாள். ஏதாவது கடவுச்சொல் கேட்குமோ என்று பார்த்தேன். கேட்கவில்லை. நீ பூட்டியிருக்கவில்லை. பிறகுதான் யோசித்தேன், நீ ஒன்றையுமே பூட்டி வைக்கவில்லை. தேடுகிறவர் யாராக இருந்தாலும் பார்க்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறாய்.

வந்தது ஒரு பெயர் மட்டும் இல்லை. முழு வசனமும் வந்தது. நாங்கள் அச்சடித்த அதே அறிவித்தல், ஆனால் இருக்க வேண்டிய மாதிரி. பாசமிகு தந்தையும் என்ற இடத்தில் அண்ணனின் பெயருக்குப் பிறகு காற்புள்ளி போட்டு, கௌசலா. அருமை மாமனாரும் என்ற இடத்தில் அண்ணியின் பெயருக்குப் பிறகு நீ இப்படி எழுதியிருந்தாய்: "கௌசலாவின் கணவர் (பெயர் தெரியவில்லை, கேட்க ஆளில்லை)."

அவள் அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். கேட்க ஆளில்லை என்பதை விரலால் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள். இவருக்குச் சொன்னால் நம்ப மாட்டார் என்றாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. நானும் வாசல் பக்கம் திரும்பி மூக்கைச் சீறிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் கலியாணக் காட் விலை கேட்டு வந்தார், பிறகு வாங்கோ என்று அனுப்பிவிட்டேன். நீ இருந்திருந்தால் ஒரு வாடிக்கையாளரை அப்படித் துரத்தினதற்கு என்னைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பாய்.

படத்தை இன்னொரு பென்ரைவில் போட்டுக் கொடுத்தேன். துணிப்பையின் உள்ளறையில் வைத்துச் சிப்பை இழுத்து மூடினாள். போக எழும்பினவள் நின்றாள்.

"அக்கா, அம்மாவின்ரை கல்வெட்டுப் படத்துக்குள்ளையும் இப்பிடி ஒருக்கா வைச்சுவிடுவியளோ? ஆருக்கும் தெரியாது. அண்ணைக்கும் பிரச்சினை இல்லை."

அவள் அதைக் கேட்ட விதம் இருக்கிறதே. கோயிலில் தீர்த்தம் கேட்கிறவள்போலக் கேட்டாள். பெற்ற தாயின் பக்கத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பதை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்றால் போதும் என்று கேட்க ஒரு பிள்ளை பழகியிருந்தாள். பழக்கினது அவளின் குடும்பம் மட்டும் இல்லை. நீயுந்தான்.

"உள்ளுக்கு வைக்க மாட்டன். வெளியிலை போடுறன்" என்றேன். அவள் பயந்துபோனாள். நானும் பயந்துதான் போனேன், ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. கணவரின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். இந்தமுறை கேட்க ஆளிருந்தது.

அடுத்த நாள் அண்ணன்காரர் புரூப் பார்க்க வந்தார். அவர் புரூப் பார்க்கிற அழகு உனக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்து, ஒரு ஒற்றெழுத்தின் புள்ளி விடுபட்டாலும் பிடித்துவிடுவார். விரல் வந்துகொண்டே இருந்தது, தங்கையின் பெயரில் நின்றது.

"இது பிழை, தங்கச்சி."

"பிழையில்லை, அண்ணை. அப்பாவின்ரையிலையும் இருக்கு" என்று சொல்லி, திரையைத் திருப்பிக் காட்டினேன். எங்கே இருந்தது, எப்படி இருந்தது எல்லாம் சொன்னேன். கணினி முழுக்கத் தெரிந்தவள்போல முதல்நாள் கேட்டதை அப்படியே ஒப்புவித்தேன். பிடிக்காவிட்டால் வேறு கடையில் அடியுங்கோ, முற்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். எனக்குப் பின்னால் இருந்து உன் கதிரையாவது கிறீச்சிடும் என்று காது காத்திருந்தது.

அவர் திரையை நெடுநேரம் பார்த்தார். "இது எப்ப போட்டது?"

"அப்பவே. நீங்கள் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போன கையோடை."

"அப்ப, நான் விளக்கு வைக்கிற இடத்திலைதான் இவ்வளவு காலமும் இருந்திருக்கு" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எனக்கு உந்தச் சின்ன எழுத்து வாசிக்க ஏலாது, தங்கச்சி. எங்கை கையெழுத்து வைக்கிறது?"

காட்டினேன். வைத்தார். வாசற்படியில் இறங்கினவர், செருப்பைப் போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், வவுனியாப் பக்கம் யாரும் போனால் கல்வெட்டு ஒன்றைக் கொடுத்துவிடுங்கோ என்றார்.

பார்த்தாயா? வாயைத் திறந்து ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். தகப்பன் செத்த அன்றைக்குக் கேட்டிருந்தால் அவர் எழும்பி அடுத்த கடைக்குப் போயிருப்பார் என்பாய். சரி, போயிருப்பார். உள்ளே இருந்தபடியால்தான் எனக்கு எடுத்துக் காட்ட ஒன்று இருந்தது என்பாய். அதுவும் சரி. இதை ஒருமுறைதான் ஒத்துக்கொள்வேன், திருப்பிக் கேட்காதே. ஆனால் யாரும் வந்து தேடியிராவிட்டால்? நீ வைத்துவிட்டுப் போன அத்தனை பேரும் என் கையால் சுருங்கிச் செத்திருப்பார்கள், எனக்குத் தெரிந்தும் இராது. ஏனடி என்னிடம் சொல்லவில்லை? நான் பெயரை வெட்டுகிறவள் என்றா? வெட்டினேன்தான். சொல்லியிருந்தால் உன்னோடு சண்டை பிடித்திருப்பேன், மூன்று நாள் கதைக்காமல் இருந்திருப்பேன், பிறகு வைத்துத் தொலை என்று விட்டிருப்பேன். இது உனக்குத் தெரியாதா?

இப்போது சுருக்குவதை நிறுத்திவிட்டேன். மிஞ்சின படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். பலதில் ஒன்றுமில்லை, எல்லோர் பெயரும் வெளியிலேயே இருக்கின்றன. சிலதில் இருக்கிறார்கள். ஒருவரின் இரண்டாம் மனைவி. கோபித்துக்கொண்டு போன ஒரு தம்பி. பிறகு ஏழாலையில் செத்துப்போன அந்தத் தாய், உனக்கு மறந்திருக்காது. சண்டைக் காலத்தில் காணாமல் போன மகனின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவதா வேண்டாமா என்று என் மேசையில் பிள்ளைகள் அடிபட்டு, கடைசியில் அந்தப் பெயரையே விட்டுவிட்டுப் போனார்கள். நீ உள்ளே வைத்திருக்கிறாய். முன்னால் ஒரு சொல்லும் போடவில்லை. பெயர் மட்டும். மற்றப் பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவில், அவன் பிறந்த ஒழுங்கில். அதைத் திறந்து பார்த்த அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இப்போது விபரம் எடுக்கிறபோது கடைசியில் ஒரு கேள்வி கேட்கிறேன். வேறு யாரும் விடுபட்டிருக்கிறார்களா என்று. கேட்டுவிட்டுப் பேனையை மேசையில் வைத்துவிட்டு இருப்பேன். சிலர் கோபிக்கிறார்கள், உங்களுக்கு என்ன அலுவல் என்று. ஒருவர் எழும்பியே போய்விட்டார். சிலர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு ஒரு பெயரைச் சொல்கிறார்கள். இன்னாரின் பெயர் வேண்டாம் என்கிறவர்களின் படத்தோடு பின்மேசைக்குப் போகிறேன், என் வயதுக்கு அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறேன். உன்னால் வந்த வினை.

உன் தம்பி அனுப்பிய வசனத்தை வாசித்தேன். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்புச் சகோதரியும். சரிதான், ஒரு பிழையும் இல்லை. உன் முதுகோடு முதுகாக இத்தனை வருடம் இருந்தவளுக்கு அந்த வசனத்தில் ஒரு இடம் இல்லை. உற்றார் உறவினர் நண்பர்கள் என்கிற கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டியதுதான். நீ செத்த அன்றைக்கும் அப்படித்தான் அச்சடித்தேன், என் கையாலேயே. இன்றைக்கு அவனுக்குப் போன் எடுத்தேன். என்ரை பேரையும் போடப்போறன் என்றேன். "போடுங்கோ அக்கா, இதையும் கேக்க வேணுமே" என்றான். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. போட்டுவிட்டேன், உன் பெயருக்குக் கீழே, எல்லோருக்கும் தெரிகிற எழுத்தில்.

உன் படம் இப்போது முன்னால் திறந்திருக்கிறது. கடைத் திறப்பு விழாவில் எடுத்தது. நீ கமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாயே, அது. பெரிய கோப்பு, நீயே செய்து வைத்தது. கணினி இடமில்லை என்று கத்திக்கொண்டிருக்கிறது, உன் ஒரு முகத்துக்குள் மட்டும் வேண்டிய இடம் கிடக்கிறது. இந்த மடல் முழுவதையும் அதற்குள் வைக்கப்போகிறேன், ஏச்சு ஒன்றையும் குறைக்காமல். கன்னத்தில் கொஞ்சம் இருக்கட்டும், அந்த அழுத்தமான வாயில் கூடக் கொஞ்சம் இருக்கட்டும். பூட்ட மாட்டேன்.

தம்பிக்குச் சொல்லிவிட்டேன், பென்ரைவில் போட்டு, கனடா போகிற ஆள் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்று.

"ஏன் அக்கா, வட்ஸ்அப்பிலை அனுப்பினாக் காணுமே" என்றான்.

"சுருங்கிப்போம்."

"சுருங்கினா என்ன? அக்கான்ரை முகம் தெரியும்தானே?"

"முகம் தெரியும்" என்றேன்.